ஓரத்தில் நின்றவன்

1993ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், மதுரையில் என் பெரியப்பா வீட்டில் ஒரு நாள் இரவு டெக் வாடகைக்கு எடுத்தார்கள். அந்தக் காலத்தில் டெக் எடுத்தால் விடிய விடியப் படம் பார்ப்பதுதான் வழக்கம். காலையில் கடைப் பையன் வந்து டெக்கைத் தூக்கிக்கொண்டு போவதற்குள், கொடுத்த காசுக்கு மூன்று படமாவது பார்த்துவிட வேண்டும். முதல் இரண்டு தமிழ்ப் படங்களும் ஓடி முடிந்தபோது மணி ஒன்றரையைத் தாண்டிவிட்டது. பெரியவர்கள் பாயை விரித்துப் படுத்துவிட்டார்கள். மூன்றாவது கேசட்டின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் 'இங்கிலீஷ், பேய்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் பார்க்க விழித்திருந்தவர்கள் நானும் என் அக்காவும்தான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

அதில் பேய் எதுவும் வரவில்லை. ஆறு வயதுப் பையன் ஒருவன் தன் அக்காவைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். பதினைந்து வருடம் கழித்து மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி, அதே ஊருக்குத் திரும்பி வருகிறான். முகத்தில் வெள்ளை முகமூடி. சுற்றிலும் புல்தரை போட்ட அழகான வீடுகள். அவ்வளவுதான் கதை. படம் முடிந்ததும் அக்கா எழுந்து போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தாள். அது ஜான் கார்பென்டர் 1978இல் எடுத்த 'ஹாலோவீன்' என்பது எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

பயந்தோம் என்பது உண்மை. ஆனாலும் அந்தப் படத்தின் மீது எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. எடுத்தவருக்குக் கேமரா பிடிக்கவே தெரியவில்லை என்று நினைத்தேன். இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நடந்தால் ஒருத்தியின் முகமும் இன்னொருத்தியின் காதும்தான் தெரிந்தன. சில இடங்களில் படம் ரயில் ஜன்னலில் போல விசுக்கென்று பக்கவாட்டில் இழுபட்டது. கடைசியில் ஒரு கட்டம் வரும். முகமூடிக்காரன் செத்துவிட்டான் என்று நம்பி, லாரி என்ற அந்தப் பெண் கதவு நிலையில் சாய்ந்து மூச்சு வாங்குகிறாள். நாங்கள் பார்த்த கேசட்டில் முதலில் அவள் முகம் மட்டும் இருந்தது. பிறகு படம் ஒரு பக்கமாக நகர்ந்தது. அங்கே அவன் ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தான். அவன் எப்போது எழுந்தான், எப்படி எழுந்தான் என்பதை நாங்கள் பார்க்கவே இல்லை.

அந்தக் குறை கார்பென்டருடையது அல்ல என்று தெரிந்துகொள்ள எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. 2005இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து அந்தப் படத்தின் டிவிடியைக் கொண்டுவந்து கொடுத்தார். போட்டுப் பார்த்தால் திரையில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. நடுவில் நீளமாகப் படம். முதல் அரை மணி நேரம் அது வேறு ஏதோ படம் என்றே தோன்றியது. சாலை முழுதாக இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த வீடு முழுதாக இருந்தது. அந்த வீட்டின் ஓரத்தில் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

'ஹாலோவீன்' பானாவிஷன் லென்ஸில் எடுத்த படம். அகலமான காட்சியை அந்த லென்ஸ் பக்கவாட்டில் நெருக்கி 35 மில்லிமீட்டர் பிலிமில் பதிக்கும். தியேட்டர் புரொஜெக்டரில் உள்ள லென்ஸ் அதை மறுபடி விரித்துத் திரையில் போடும். உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம் கிடைக்கும். பழைய டிவிப் பெட்டியின் அகலமோ உயரத்தில் 1.33 மடங்குதான். கேசட் போடுகிறவர்கள் அந்தப் பெட்டி நிறையப் படம் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு காட்சியிலும் எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது, எந்தப் பகுதியை வெட்டுவது என்று முடிவு செய்தார்கள். முக்கியமான ஆள் ஒரு கோடியில் இருந்தால் படத்தை அங்கே நகர்த்தினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் வெட்டுப்படுகிறது. மற்ற படங்களில் அதனால் கொஞ்சம் மேஜை நாற்காலி போகும், கொஞ்சம் வானம் போகும். இந்தப் படத்தில் கொலைகாரனே போய்விட்டான்.

ஏனென்றால் இந்தப் படத்தின் பயம் முழுவதும் சட்டகத்தின் ஓரத்தில்தான் குடியிருக்கிறது. ஊருக்குத் திரும்பிய கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ், பகல் முழுவதும் பாய்ந்து வந்து யாரையும் பயமுறுத்துவதில்லை. நிற்கிறான். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே சாலைக்கு அப்பால் காரருகே நிற்கிறான். லாரி மறுபடி பார்த்தால் காரும் இல்லை, ஆளும் இல்லை. நடைபாதையில் உயிர்வேலிக்குப் பக்கத்தில் நிற்கிறான். பிறகு வேலிக்குப் பின்னால் ஓரடி நகர்கிறான், அவ்வளவுதான். பின்கட்டில் காயப்போட்ட வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் நிற்கிறான். பாழடைந்த மையர்ஸ் வீட்டு வாசலில் லாரி சாவியை வைத்துவிட்டுத் தனக்குத்தானே பாடிக்கொண்டு நடைபாதையில் தூரமாகப் போகிறாள். கேமரா அசையாமல் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அப்போது மூச்சுவிடும் சத்தத்தோடு ஒரு தோள் சட்டகத்துக்குள் வருகிறது. முகமெல்லாம் இல்லை, தோள் மட்டும். படத்தின் அகலத்தை வெட்டினால் அந்தத் தோளுக்கு இடம் ஏது?

சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம் இது. அன்றைய ஹாலிவுட் கணக்கில் மிகச் சொற்பம். 1978 மே மாதத்தில் இருபது நாளில் படப்பிடிப்பை முடித்தார்கள். லாரியாக நடித்த ஜேமி லீ கர்டிஸுக்கு அதுதான் முதல் படம். 8,000 டாலர் சம்பளம். முகமூடிக்குள் பெரும்பாலும் இருந்த நிக் காஸிலுக்கு நாளொன்றுக்கு 25 டாலர். அந்த முகமூடியே கடையில் 2 டாலருக்கும் குறைவான விலைக்கு வாங்கிய, 'ஸ்டார் டிரெக்' தொடரின் கேப்டன் கர்க் பாத்திரத்தின் முகமூடி. கலை இயக்கத்தையும் படத்தொகுப்பையும் பார்த்துக்கொண்ட டாமி லீ வாலஸ் அதற்கு வெள்ளையடித்து, கண் ஓட்டைகளைப் பெரிதாக்கி, தலைமயிரைக் கலைத்துவிட்டார். இப்படி ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவு செய்தவர்கள், பானாவிஷன் லென்ஸ் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. அந்த அகலம் இல்லாவிட்டால் இந்தப் படமே இல்லை என்று கார்பென்டருக்கும் ஒளிப்பதிவாளர் டீன் கண்டிக்கும் தெரிந்திருந்தது.

அகலம்தான் அந்த ஊரின் குணமும். படத்தில் ஊரின் பெயர் ஹேடன்ஃபீல்ட், இலினாய் மாநிலம். இணை எழுத்தாளரும் தயாரிப்பாளருமான டெப்ரா ஹில் பிறந்தது நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் நிஜ ஹேடன்ஃபீல்டில். படம் எடுத்த இடமோ கலிபோர்னியாவின் சவுத் பாசடேனாவும் ஹாலிவுட்டின் சில தெருக்களும். எந்த மாநிலமாக இருந்தாலும் அந்த அமெரிக்கப் புறநகர் ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டுக்கு முன்னால் மதில் சுவர் கிடையாது, கேட் கிடையாது. புல்தரை அப்படியே நடைபாதை வரை இறங்கி வரும். அடுத்த வீட்டுப் புல்தரைக்கும் இந்த வீட்டுப் புல்தரைக்கும் நடுவில் கோடுகூட இருக்காது. நம் ஊர்த் தெருவில் கண் எங்கே போனாலும் ஏதாவது ஒரு சுவரில் முட்டும். அங்கே முட்டுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் திறந்து கிடக்கிறது. திறந்து கிடப்பதே பாதுகாப்பு என்று அந்த ஊர் நம்புகிறது. அதற்கு முன்பு திகில் படம் என்றால் பெரும்பாலும் கோட்டை, பாழ்மாளிகை, மூடுபனி. கார்பென்டர் பட்டப்பகலில், தெரு நடுவில், புத்தகப் பையோடு பெண்கள் நடந்துபோகும் நடைபாதையில் பயத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

இரவில் அதே தெரு என்ன ஆகிறது என்பதற்கு ஒரு காட்சி போதும். இந்தப் படத்திலேயே என்னை அதிகம் உலுக்கியது கத்தி வரும் இடம் எதுவும் அல்ல. நண்பர்களின் பிணங்களைப் பார்த்துவிட்டு, காயத்தோடு லாரி வெளியே ஓடி வருகிறாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உதவி கேட்டுக் கதறுகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. ஜன்னல் மறைப்பு சற்றே விலகுகிறது. உள்ளே யாரோ பார்க்கிறார்கள். மறைப்பு மூடிக்கொள்கிறது. விளக்கு அணைகிறது. சில நொடிகள்தான். அந்த வீட்டில் இருந்தவர் யாரென்று படம் சொல்வதே இல்லை. விளையாட்டுக்குக் கதவைத் தட்டும் பிள்ளைகள் திரியும் ஹாலோவீன் திருவிழா இரவு என்பதால் அவர் அலட்சியமாக இருந்திருக்கலாம். ஆனால் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அணைத்தார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. மைக்கேலுக்கு மனம் என்று ஒன்று இல்லை என்று டொனால்ட் பிளெசன்ஸ் நடித்த டாக்டர் லூமிஸ் படம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்த விளக்கை அணைத்தவருக்கு மனம் இருந்தது.

1993இல் அந்தக் கேசட்டில் இந்தக் காட்சி வந்ததா என்றே எனக்கு நினைவில்லை. வந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கேசட்டில் இரவு என்றால் சாம்பல் நிறக் குழம்பு. ஒரு சிறு விளக்கு எரிந்து அணைவதற்கு அந்தக் குழம்பில் மதிப்பில்லை.

வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பதிப்பிலும் இந்தப் படம் அகலத்துக்கு அடுத்தபடியாக இருட்டுக்காகத்தான் போராடியிருக்கிறது. விஎச்எஸ் கேசட்டில் குறுக்குவாட்டுத் தெளிவு ஏறத்தாழ 240 கோடு. கறுப்புக்கும் மிகக் கறுப்புக்கும் அதில் வித்தியாசம் தெரியாது. டீன் கண்டி அந்த வித்தியாசத்தை வைத்தே வேலை செய்தவர். இதற்குப் புகழ்பெற்ற ஓர் உதாரணம் இருக்கிறது. பிணங்களைக் கண்ட லாரி, அழுதபடி சுவரில் சாய்ந்து நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் கதவு திறந்த ஓர் அறை, உள்ளே முழு இருட்டு. அந்த இருட்டுக்குள் வெள்ளையாக ஏதோ ஒன்று தெரிய ஆரம்பிக்கிறது. கதவு திறக்கவில்லை, யாரும் நடந்து வரவில்லை. முகமூடி அங்கேயே இருந்திருக்கிறது. நம் கண்ணுக்குத்தான் இப்போது தட்டுப்படுகிறது. இருட்டுக்குப் பழகியதும் கண் தானாக ஒன்றைக் கண்டுபிடிப்பது போல இருக்கும். கண்டி அதற்காக ஒரு சிறிய விளக்கை முகமூடியின் மேல் வைத்து, டிம்மரில் மெல்ல மெல்ல வெளிச்சத்தைக் கூட்டினார். இன்று கம்ப்யூட்டரில் செய்வதை, அவர் ஒரு குமிழைத் திருப்பிச் செய்துவிட்டார்.

அந்தக் காட்சியை மூன்று வடிவங்களில் பார்த்திருக்கிறேன். கேசட்டில் முகமூடி திடீரென்று இருந்தது. வந்த விதம் தெரியவில்லை. டிவிடியில் வெளிச்சத்தைக் கூட்டிவைத்திருந்ததால், அது தெரிய வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. இப்போது என்னிடம் இருக்கும் 4கே வட்டில்தான் அந்தக் குமிழ் திரும்புவதை என்னால் உணர முடிகிறது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஏதோ இருக்கிறதோ என்ற சந்தேகம். பிறகு நெற்றி. பிறகு கண் ஓட்டைகள், அவை சுற்றியிருக்கும் இருட்டைவிடக் கறுப்பாக.

இந்த 4கே வட்டு 2021இல் வந்தது. ஸ்கிரீம் ஃபேக்டரி நிறுவனம், கேமராவில் ஓடிய அசல் நெகட்டிவையே புதிதாக ஸ்கேன் செய்து, டீன் கண்டியின் ஒப்புதலோடு வெளியிட்டது. இதற்கு முன்னால் வந்தவற்றை எண்ணிப் பார்த்தால் ஒரு பெரிய வரிசை. 1980களின் கேசட்டுகள். 1994இல் கிரைட்டீரியன் நிறுவனத்தின் லேசர் டிஸ்க். கார்பென்டர், டெப்ரா ஹில், ஜேமி லீ கர்டிஸ் மூவரின் விளக்க உரையும் அதில் இருந்தது. பிறகு 1999, 2003 டிவிடிகள். 2007இல் முதல் புளூரே. 2013இல் முப்பத்தைந்தாம் ஆண்டுக்கு இன்னொன்று. 2018இல் முதல் 4கே. ஒரே படத்தை இத்தனை முறை வாங்க வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் எல்லாவற்றையும் வாங்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டபோது, அந்த வரிசை எனக்கு வியாபாரமாக மட்டும் தெரியவில்லை.

காரணம் வண்ணம். நெகட்டிவ் என்பது முடிந்துபோன படம் அல்ல. அதில் இருப்பது பதிவு. இரவு எவ்வளவு நீலமாக இருக்க வேண்டும், பகல் எவ்வளவு மஞ்சளாக இருக்க வேண்டும் என்பதை, தியேட்டருக்கான பிரதி போடும்போது ஒளிப்பதிவாளர் லேபில் உட்கார்ந்து முடிவு செய்வார். வீட்டுப் பதிப்புக்காகப் பிலிமை மறுபடி ஸ்கேன் செய்யும்போது அந்த முடிவுகள் தாமாகக் கூட வருவதில்லை. யாராவது மறுபடி செய்தாக வேண்டும். தெரு இரவுகளுக்குக் கண்டி நீல ஒளியைப் பயன்படுத்தியிருந்தார். வீட்டுக்குள் விளக்கின் இளஞ்சூடான ஆரஞ்சு. அந்த இரண்டும் ஒரே சட்டகத்தில் சந்திக்கும்போதுதான் உள்ளே பாதுகாப்பு, வெளியே ஆபத்து என்ற எண்ணம் நமக்குள் சொல்லாமலேயே ஏறுகிறது. 1999 பதிப்பில் கண்டியின் பங்கு இருந்தது. நீலம் நீலமாக இருந்தது. 2003 பதிப்பு தெளிவில் முந்தியது; ஆனால் நீலம் வெளிறிவிட்டது, இரவுகள் வெளிச்சமாகிவிட்டன. எனக்கு 2005இல் கிடைத்தது அதுதான். அகலம் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் நிறம் போனது எனக்கு அன்று உறைக்கவில்லை. 2013இல் கண்டியை மறுபடி அழைத்து உட்கார வைத்த பிறகுதான் இரவு திரும்பியது.

வண்ணத்துக்காக இவ்வளவு சண்டை போட வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். போட வேண்டும் என்பது என் பதில். ஒரு கோயில் சுவரோவியத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வெளிர்நிறச் சாயம் பூசினால் பொறுத்துக்கொள்வோமா? 2006இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பதிவேட்டில் 'ஹாலோவீனை'ச் சேர்த்தது. அந்த மதிப்பு அசல் படத்துக்குத்தான்.

தெளிவு கூடினால் வேறொன்றும் நடக்கும். 4கே என்றால் 3840க்கு 2160, ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். அதில் எல்லாம் தெரிகிறது. கதை நடப்பது அக்டோபர் 31, இலையுதிர் காலம். எடுத்தது கலிபோர்னியாவின் வசந்தம். மரங்கள் பச்சைப் பசேலென்று இருக்கின்றன. சில தெருக் காட்சிகளில் பின்னால் பனைமரங்கள் நிற்கின்றன. இலினாயில் ஏது பனை? காரின் நம்பர் பிளேட்டும் கலிபோர்னியாவுடையது. தரையில் பறக்கும் சருகுகள் எல்லாம் வெளியே விலைக்கு வாங்கிப் பழுப்பு வண்ணம் அடித்தவை. கையிருப்பு கொஞ்சம் என்பதால் ஒரு காட்சி முடிந்ததும் படக்குழுவினரே அவற்றைக் கூட்டி அள்ளிப் பையில் போட்டு, அடுத்த காட்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 4கே வட்டில் ஒரு காட்சியை நிறுத்திப் பார்த்தேன். நடைபாதையில் பத்துப் பதினைந்து சருகுகள். அவற்றுக்கு மேலே அடர்பச்சையாக ஒரு மரம். அதிலிருந்து ஓர் இலைகூட விழுந்திருக்காது. அந்தச் சருகுகளை யாரோ கையால் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது படத்தின் மீதான நம்பிக்கை குறையவில்லை. அந்த இருபது நாளும் ஓடி ஓடி உழைத்தவர்கள் மீது அன்புதான் வந்தது.

படத்தின் தொடக்கக் காட்சியும் அப்படிப்பட்ட கூட்டுழைப்புதான். வெளியிலிருந்து வீட்டைச் சுற்றி, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, சமையலறையில் கத்தியை எடுத்து, மாடி ஏறி, முகமூடி மாட்டி, கொன்று, இறங்கி வெளியே வருவது வரை கொலைகாரனின் கண்ணாகவே கேமரா போகிறது. ஒரே ஓட்டமாகத் தோன்றினாலும், முகமூடி மாட்டும் இடம் போன்ற இருட்டில் வெட்டுகள் ஒளிந்திருக்கின்றன. நடந்தாலும் ஓடினாலும் கேமரா குலுங்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெடிகேமுக்குப் போட்டியாகப் பானாவிஷன் செய்த பானாகிளைட் என்ற கருவியை மாட்டிக்கொண்டு கேமராவை இயக்கிய ரே ஸ்டெல்லா ஓடினார். வீடு அதற்கு முன்பு பாழடைந்து கிடந்தது. படத்தின் நிகழ்காலக் காட்சிகளுக்கு அப்படியே வேண்டும் என்பதால் முதலில் அதையெல்லாம் எடுத்து முடித்தார்கள். கடைசியில் எல்லோருமாகத் தூரிகையைக் கையில் எடுத்து, கேமரா போகும் வழியில் உள்ள சுவர்களுக்கு மட்டும் வண்ணம் அடித்து, நாற்காலி மேஜை போட்டார்கள். கத்தியை எடுக்கும் அந்தக் குழந்தைக் கை டெப்ரா ஹில்லுடையது. அந்த வீடு பின்னால் இடிபட இருந்தது. 1987இல் அதை அப்படியே பெயர்த்துச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றினார்கள். இன்றும் சவுத் பாசடேனாவில் நிற்கிறது.

சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இசை கார்பென்டரே செய்தது. பியானோவில் ஐந்து தட்டு வரும் ஒரு தாளக்கட்டு. சிறுவயதில் அப்பா போங்கோ மத்தளத்தில் சொல்லிக்கொடுத்த ஐந்துக்கு நான்கு தாளம் அது. நம் கண்ட நடையில் காது பழகியவர்களுக்கு அந்த எண்ணிக்கை புதிதல்ல. ஆனால் நான்காக எண்ணிப் பழகிய மேற்கத்தியக் காதுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி கூடுதலாக வந்து கால் இடறும். இசை இல்லாமல் படத்தைப் பார்த்த ஒரு ஸ்டூடியோ அதிகாரி கொஞ்சமும் பயப்படவில்லை என்று கார்பென்டரே எழுதியிருக்கிறார். தியேட்டரில் வந்தது ஒற்றை ஒலித்தடம், மோனோ. டிவிடி காலத்தில் அதை ஐந்து ஸ்பீக்கருக்கு விரித்தார்கள். புதிய ஓசைகளும் சேர்ந்தன. 2021 வட்டில் அசல் மோனோவும் இருக்கிறது. நான் அதைத்தான் போடுகிறேன். அந்த மூச்சுச் சத்தம் அறையைச் சுற்றி வர வேண்டியதில்லை. எதிரில் இருக்கும் ஒரே இடத்திலிருந்து, படத்தின் நடுவிலிருந்து வந்தால் போதும்; அப்போதுதான் அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் போகிறது.

ஒரு விஷயத்தை இவ்வளவு வருடம் கழித்துத்தான் கவனித்தேன். இந்தப் படத்துக்குள்ளேயே பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து திகில் படம் பார்க்கிறார்கள். லாரி பார்த்துக்கொள்ளும் டாமியும் எதிர்வீட்டுச் சிறுமி லிண்ட்ஸியும் விளக்கை அணைத்துவிட்டு டிவி முன்னால் இருக்கிறார்கள். அதில் ஓடுவது 1951இல் வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்'. நான்கு வருடம் கழித்து, அந்தப் படத்துக்கு மூலமான கதையை கார்பென்டர் மறுபடி எடுத்தார்.  டாமி திரும்பி ஜன்னல் வழியே பார்க்கிறான். எதிர்வீட்டில் ஒரு வடிவம் ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறது. அவன் சொல்வதை லாரி நம்பவில்லை. பூச்சாண்டி என்று ஒன்று கிடையாது என்கிறாள். 1993இல் மதுரையில் அந்த நடுக்கூடத்தில், சாலிடேர் டிவியின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த நாங்கள் இரண்டு பேரும் டாமியும் லிண்ட்ஸியுமாகத்தான் இருந்திருக்கிறோம்.

போன மாதம் அக்கா வந்திருந்தாள். கோயம்புத்தூரில் இருக்கிறாள், வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிவிட்டாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் படுத்ததும், "அன்றைக்குப் பார்த்தோமே, அந்தப் படம் போடட்டுமா அக்கா?" என்று கேட்டேன். "இப்போதெல்லாம் எனக்குப் பயம் வராது தம்பி, போடு" என்றாள். விளக்கை அணைத்தேன். இந்தப் படத்துக்கு அறை இருட்டாக இருந்தால்தான் திரையின் ஓரங்கள் எங்கே முடிகின்றன என்று தெரியாது.

முதல் அரை மணி நேரம் அவள் பேசவே இல்லை. உயிர்வேலிக் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு விளக்கு அணைந்தபோது, "பாவி" என்றாள். பிறகு அந்தக் கடைசிக் கட்டம் வந்தது. லாரி கதவு நிலையில் சாய்கிறாள். அவள் நமக்கு அருகில், சட்டகத்தின் ஒரு பக்கத்தில். மறுபக்கம், பின்னால், அறைக்குள் அவன் கிடக்கிறான். இரண்டும் ஒரே சமயத்தில் தெரிகின்றன. வெட்டும் இல்லை, நகர்த்தலும் இல்லை. அவள் மூச்சு வாங்குகிறாள். பின்னால் அவன் உடம்பு, இடுப்பில் கீல் வைத்தது போல நேராக எழுகிறது. உட்கார்ந்த பிறகு தலை மட்டும் மெல்ல அவள் பக்கம் திரும்புகிறது. அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரிகிறது.

அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இவன் அப்போதும் இங்கேதான் எழுந்தானா?"

"ஆமாம் அக்கா. இந்தப் பக்கத்தை வெட்டிவிட்டார்கள்."

"இருபது வருடத்துக்கும் மேல் நான் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஆள் எழுந்து உட்கார்ந்தது தெரியாமல் அப்படியே நிற்கிறாளே என்று." கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு முறை போடு."

பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். லாரி வந்து நிலையில் சாய்ந்தாள். இந்த முறை அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. கையை நீட்டித் திரையின் அந்த ஓரத்தைக் காட்டியபடி, அவன் எழுவதற்காகக் காத்திருந்தாள்.